எட்டு நடக்குது

அக்டோபர் 12, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. பாப்பாவின் துணிகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். எல்லாம் புகை வாசம். அவளும்.

எங்கள் மலையூர் அரியூர் நாட்டில் மழை பிடித்தால் முதலில் போவது சிக்னல், பிறகு கரண்ட், பிறகு அப்பாவின் பொறுமை. இன்று மூன்றும் போய்விட்டன.

விசாரணை நோட்டீஸ் வந்துவிட்டது. தபால்காரர் மளிகைக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்; உறையின் ஓரத்தில் வெல்லப் பிசுக்கு. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம், சென்னை. நவம்பர் ஐந்து, காலை, வீடியோவில். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் கம்பெனி ஆள்.

அன்றைக்குக் கோர்வையாகச் சொல்ல வேண்டும். இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

ஜொகூரில் வேலை செய்யும் பிரபுவைப் பார்க்கப் போனேன். (இனி பி. என் கணவர் என்று ஒவ்வொரு முறையும் எழுதக் கை வலிக்கிறது.) சுற்றுலா விசா. பயணக் காப்பீடு உண்டு. எடுத்துக்கொடுத்தது மாமா, அம்மாவின் தம்பி, மலையடிவாரத்தில் காரவள்ளியில் ஏஜென்ட். திரும்பி வர டிக்கெட் போட்டிருந்த வாரத்துக்கு முந்தைய வாரம் பிபி ஏறியது. கண் முன்னால் பூச்சி பறந்தது. அவசர ஆபரேஷன். பாப்பா கண்ணாடிப் பெட்டிக்குள், நான் வெளியே. பில்லைப் பி.யின் முதலாளி கட்டினார். இப்போது மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார். கடன் குறையும் வரை லீவு கிடையாது. பி. தன் மகளைக் கடைசியாகக் கையில் வாங்கி ஆறு மாதம் ஆகப் போகிறது.

பாலிசியில் இருப்பது: உயிருக்கு ஆபத்தான கர்ப்பச் சிக்கலுக்குச் செலவு தருவோம், முப்பத்திரண்டு வாரம் தாண்டியிருக்கக் கூடாது.

நான் தாண்டவில்லை. ஏழு மாதம் முடிந்து எட்டாவது அப்போதுதான் பிறந்திருந்தது.

தாண்டிவிட்டேன், பணம் கிடையாது என்கிறது கம்பெனி. அதற்கு அவர்கள் காட்டும் சாட்சி நானேதான்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிய நர்ஸ் தமிழ்ப் பெண். அந்த ஊரில் அந்த நேரத்தில் அந்த முகம், எனக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை மாசம்மா என்று கேட்டார். எட்டு நடக்குதுங்க என்றேன். அவர் டாக்டரிடம் திரும்பி மலாயில் எட்டு மாதம் என்றார். டாக்டர் எழுதினார்: எட்டு மாதக் கர்ப்பிணி, நோயாளியே கூறியபடி. கம்பெனி அந்த எட்டை முப்பத்தைந்து வாரமாகப் பெருக்கிக்கொண்டது.

பாப்பாவைப் பார்த்த குழந்தை டாக்டர் முப்பது வாரம் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். அது வெறும் மதிப்பீடாம். இங்கே எடுத்த ஸ்கேனில் மூன்று வாரம் முன்னே பின்னே இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. கம்பெனி தனக்கு வேண்டிய பக்கத்தை எடுத்துக்கொண்டது. நான் சொன்னது மட்டும் வாக்குமூலம்.

இவ்வளவு நீளம் கூடாது. சுருக்க வேண்டும்.

அக்டோபர் 13, திங்கள்

மாமா வந்தார். மழையோடு பைக்கில் அத்தனை வளைவும் ஏறி. ரெயின்கோட்டைக் கழற்றியதும் உள்ளே சட்டைப் பையில், பாலிதீன் உறையில், எனக்காக ஒரு கடிதம். அவரே டைப் அடித்துக் கொண்டுவந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"கண்ணு, ஆபீஸ்ல பேசிப்போட்டேன். இந்த விசாரணை கிசாரணையெல்லாம் வேண்டாம். இதுல ஒரு கையெழுத்துப் போடு. மனிதாபிமானத்துல பாதி தாரேங்கறாங்க."

கடிதத்தில்: பிரசவ வலியின் குழப்பத்தில் கர்ப்ப மாதத்தைத் தவறாகக் கூறிவிட்டேன், அதற்கு வருந்துகிறேன்.

"நான் தப்பாச் சொல்லலீங்களே மாமா."

"சொல்லலதான். சொன்னதா எழுது."

அம்மா எனக்கும் மாமாவுக்கும் நடுவில் காப்பி டம்ளரை வைத்தாள். பாதி வந்தாலும் மிளகு தப்பிக்கும் என்றாள். அப்பா, கீழ்க்காட்டு மிளகுக் கொடிகளை மூன்று வருடக் குத்தகைக்கு விடுவதாக ராசிபுரம் வியாபாரியிடம் பேசி வைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்பணத்தை வாங்கி ஜொகூருக்கு அனுப்பிவிட்டால் பி. ஊர் வந்து சேரலாம் என்பது அவர் கணக்கு. மூன்று வருடம் நம் கொடியில் இன்னொருவர் ஏணி சாத்துவார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

மாமாவிடம் யோசிக்கிறேன் என்றேன். "இதுல யோசிக்க என்ன கண்ணு இருக்குது, வலியில யாருக்குத்தான் பேச்சு நேராவரும்?" என்றார். அவருக்கு மூன்று பிள்ளைகள். ஒரு பிரசவத்துக்கும் உள்ளே நின்றதில்லை.

என் பேச்சு அன்று நேராகத்தான் இருந்தது. ரத்த வகை சொன்னேன், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன், பி.யின் போன் நம்பர் சொன்னேன். அதெல்லாம் சரியாக எழுதப்பட்டிருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

வெயில் கொஞ்சம். பாப்பா தூங்கும்போது பாலிசியை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கல்லூரி நூலகத்தில் யாரும் எடுக்காத புத்தகங்களையெல்லாம் எடுத்துப் படித்தவள், இதைப் படிக்காமல் பிளேன் ஏறியிருக்கிறேன். மோசமான நடை. ஒரு வாக்கியம் அரைப்பக்கம்.

பத்தொன்பதாம் பக்கத்தில் கிடைத்தது. காப்பீடு பெற்றவர் தவறான தகவல் அளித்தது தெரியவந்தால் இழப்பீடு முழுவதும் ரத்து.

அதாவது மாமாவின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால், பாதி தருவதாகச் சொன்னவர்கள் மனது மாறும் நாளில், தராமலிருக்கும் காரணத்தை நானே என் கையால் எழுதிக் கொடுத்தவள் ஆவேன்.

செம்மேடு பஸ் ஸ்டாண்ட் வரை போய் மாமாவுக்குப் போன் செய்து அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் லாரி சத்தம். "அதையெல்லாம் யாரு கண்ணு படிக்கறாங்க" என்றார்.

அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்காது. வேண்டுமென்று செய்கிற ஆள் இல்லை. விற்கும் பொருளைப் படித்துப் பார்க்காத ஆள்.

வாங்கி வந்தவை: கொசுவலை, ரவை, பாப்பாவுக்கு ஜுர மருந்து. பால் பாட்டில் நிப்பிள் இல்லை, வெள்ளிக்கிழமை வருமாம்.

அக்டோபர் 16, வியாழன்

இரண்டு நாளாக, எதிர்ப்படுகிற பெண்களிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்கிறேன். ஒருத்தி எட்டு நடக்குது என்றால் எத்தனை மாதம் முடிந்திருக்கிறது?

பால் ஊற்றும் இடத்தில் நாலு பேர். தடுப்பூசி வரிசையில் ஆறேழு பேர். கிழங்கு லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள். எல்லோரும் ஏழு என்றார்கள். சிலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "இத்தன படிச்சு இதுகூடத் தெரியாதா கண்ணு?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி பக்கத்திலிருந்தவளிடம், எனக்குக் கேட்கும்படியே: "மாசமா இருக்கறப்ப பிளேன் ஏறுனா இப்படித்தான், கணக்கு மறந்துபோவும்." சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன்.

யோசித்துப் பார்க்கிறேன். நாம் நின்றுகொண்டிருக்கும் மாதத்தை எண்ணுகிறோம். டாக்டரும் கம்பெனியும் முடித்துவிட்டு வந்த மாதத்தை எண்ணுகிறார்கள். வயதும் அப்படித்தான். எனக்கு இருபத்தெட்டு நடக்கிறது, பாஸ்போர்ட்டில் இருபத்தேழு. இரண்டும் நானே. பிறந்த நாளிலிருந்து எனக்கு இரண்டு கணக்கும் பழக்கம், மாற்றி மாற்றிப் பேசத் தெரியும். வலியில் எந்தக் கணக்கு வாயில் வரும்? அம்மா கற்றுக்கொடுத்ததுதான் வரும். ஆபத்தில் தாய்மொழியில் பேசியது ஒரு குற்றம் என்று இதுவரை எந்தப் பாலிசியிலும் அச்சடிக்கவில்லை.

சாயங்காலம் பி. பேசினான். கடிதம் பற்றி மாமா அவனிடமும் சொல்லியிருக்கிறார். போட்டுத் தொலையேன் என்றான். பொங்கலுக்காவது வந்துவிடுவேன் என்றான். பத்தொன்பதாம் பக்கத்தைச் சொன்னேன். கேட்கவில்லை, கேட்டாலும் காதில் ஏறவில்லை. "உனக்கு ஜெயிக்கணும். எனக்குப் புள்ளையப் பாக்கணும்." வைத்துவிட்டான்.

இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. எழுதவும் முடியவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

பதில் எனக்கே வந்துவிட்டது, ஒரு நாள் தாமதமாக. புள்ளையைப் பார்க்க அவன் வருவது முழுப் பணத்தில் சீக்கிரம் நடக்கும், பாதியில் தாமதமாக நடக்கும், ஏமாந்தால் நடக்கவே நடக்காது. ஜெயிப்பது வேறு, அவன் வருவது வேறு என்று யார் பிரித்தது?

இதை அப்படியே அனுப்பினேன். சிக்னல் இல்லை. மெசேஜ் பக்கத்தில் கடிகாரம் போல ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. நிப்பிள் கிடைத்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. பாப்பாவுக்கு முதல் பட்டுப்பாவாடை, அரைமணி நேரத்தில் நனைத்தாள். வெடிக்கு அழவில்லை, அப்பாவின் தும்மலுக்கு அழுதாள்.

ராசிபுரம் வியாபாரி ஸ்வீட் டப்பாவுடன் வந்தார். முன்பணமும் கொண்டுவந்திருந்தார். அப்பா ஸ்வீட்டை வாங்கி வைத்தார், பணத்தைத் தொடவில்லை. அவர் போனபிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "அஞ்சாந்தேதி வரைக்கும் பொறுக்கறேன் சாமி. அதுக்குமேல வியாபாரி பொறுக்கமாட்டான்."

அப்பா என்னிடம் இதுபற்றிப் பேசிய முதல் பேச்சு.

மாமாவின் கடிதத்தின் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் பாப்பாவின் மருந்து நேரங்களை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். தாள் நல்ல தாள்.

நவம்பர் 4, செவ்வாய்

நாளைக்கு. வீட்டில் நெட் நிற்காது. செம்மேட்டில் ஜெராக்ஸ் கடை அக்காவிடம் கேட்டேன். கம்ப்யூட்டரை ஒரு மணி நேரம் தருகிறேன், ஆனால் கடையை மூட முடியாது, தாலுகா ஆபீஸ் கூட்டம் வரும் என்றார். சரி.

பி. மெசேஜ்: "பாத்துப் பேசு. பயப்படாத." அவ்வளவுதான். பத்து தடவை படித்தேன்.

நவம்பர் 5, புதன்

முடிந்தது. நினைவு இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

கடைக்குள் மெஷின் சூடு. பாப்பாவை அம்மா வைத்துக்கொண்டு வாசலில். என் முதுகுக்குப் பின்னால் பட்டா நகல், ஜாதிச் சான்று, ரேஷன் கார்டு என்று ஏழெட்டுப் பேர், பாதிக்கு மேல் பெண்கள். எல்லோருக்கும் கம்ப்யூட்டர் தெரிகிறது.

திரையில் குறைதீர்ப்பாளர் அம்மா. சளி பிடித்த குரல், கையில் கர்ச்சீஃப். இன்னொரு கட்டத்தில் கம்பெனி அதிகாரி, முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல இஸ்திரிச் சட்டை. அவர் முதலில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். நோயாளியே எட்டு மாதம் என்று கூறியிருக்கிறார், கிளம்பும் முன் வாங்கிய டாக்டர் சான்றிலும் ஆறாம் மாதம் என்று இருக்கிறது, இரண்டும் பொருந்துகின்றன என்றார்.

நான் எழுதிப் பழகியதைச் சொன்னேன். பாதியிலேயே கோர்வை போய்விட்டது. நடப்பு மாதம், முடிந்த மாதம் என்று ஏதோ சொல்கிறேன், எனக்கே பாடம் ஒப்பிப்பதுபோலக் கேட்கிறது.

அதிகாரி சிரித்தார். "மாசம்னா மாசம்தானே மேடம். எட்டுன்னா எட்டு."

அந்தச் சிரிப்பு உதவியது.

"சார், உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

குறைதீர்ப்பாளர் அம்மா, இது எதற்கு என்று கேட்டார். ஒரே ஒரு கேள்விதாங்க என்றேன். கேளுங்கள் என்றார்.

"ஆயிடுச்சு," என்றார் அதிகாரி.

"உங்க வீட்டுல வளைகாப்பு எந்த மாசம் வெச்சீங்க?"

"ஏழாம் மாசம். எல்லாரும் வெக்கிறதுதான்."

"ஏழு முடிஞ்சபொறகுங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "ஏழு முடிஞ்சா அது எட்டுல்ல? எட்டுல எவ வளைகாப்பு வெப்பா?" இன்னொரு குரல்: "ஆறு முடிஞ்சு ஏழு நடக்கையிலதாங்க சார் வெப்பாங்க. உங்கூட்டுல கேட்டுப் பாருங்க."

"யாரது பேசுறது?" என்றார் குறைதீர்ப்பாளர் அம்மா.

"ஜெராக்ஸ் கடைங்கம்மா. பட்டா நகல் எடுக்க வந்தவங்க."

கர்ச்சீஃபை மூக்கில் வைத்துக்கொண்டார். சளியா சிரிப்பா தெரியவில்லை. அதிகாரியைப் பார்த்து, சொல்லுங்கள் என்றார்.

அதிகாரி நேர்மையான ஆள், அதை எழுதித்தான் ஆகவேண்டும். "ஆறு முடிஞ்சுதான் மேடம் வெச்சோம். ஆனா அது பழக்கம். மருத்துவக் கணக்கு இல்ல."

"நர்ஸ்கிட்ட நானும் பழக்கத்துலதாங்க சொன்னேன். நீங்க ஏழுங்கறப்ப ஆறு முடிஞ்சிருக்குது. நான் எட்டுங்கறப்ப மட்டும் எப்படிங்க எட்டு முடியும்? அந்த டாக்டர் சான்றும் அப்படித்தாங்க, ஆறாம் மாசம்னா அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது."

மெஷின் ஓடும் சத்தம் நின்றிருந்தது. அக்கா நிறுத்திவிட்டாரா, தாள் தீர்ந்ததா, தெரியாது.

குறைதீர்ப்பாளர் அம்மா கடைசியாக ஒன்று கேட்டார். நல்ல எண்ணத்தில் கேட்டாரோ என்னவோ: அப்படியானால் பதற்றத்தில் உங்கள் வாயில் தவறான தகவல் வந்துவிட்டது என்று குறித்துக்கொள்ளலாமா?

பத்தொன்பதாம் பக்கம் கண்ணில் வந்து நின்றது.

"இல்லீங்கம்மா. நான் சரியாத்தான் சொன்னேன். அது இன்னொரு பாஷைக்குப் போறப்ப ஒரு மாசம் கூடிருச்சு. அப்படியே குறிச்சுக்குங்க."

குறித்துக்கொண்டார். உத்தரவு பிறகு அனுப்பப்படும் என்றார். திரை அணைந்தது.

கடையில் ஒருவரும் கை தட்டவில்லை, நல்லவேளை. ஒரு பெண் தன் பட்டா தாள்களை அடுக்கிக்கொண்டே, "அந்த சார் மூஞ்சியப் பாத்தயா, பாவம், ஊட்டுக்குப் போனா பொண்டாட்டிகிட்டச் சொல்லுவானா மாட்டானா?" என்றாள். பஸ் வரும் வரை அதுபற்றியே பேச்சு.

வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தொட்டிலில் போட்டபிறகு அம்மா, "அந்தாளுகிட்டக் கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டயே, எனக்கு உசுரே போயிருச்சு" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மாமாவிடமிருந்து போன். கம்பெனியில் அவரைக் கேட்டார்களாம். உன் அக்கா மகள் எங்கள் அதிகாரியிடம் வளைகாப்பு விசாரிக்கிறாளாமே என்று. மானம் போச்சு கண்ணு என்றார். யாருடைய மானம் என்று கேட்க நினைத்தேன். பாப்பா அழுததால் வைத்துவிட்டேன். அழுதாள் என்பது பொய். கொட்டாவி விட்டாள்.

அப்பா வியாபாரியிடம் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை, அம்மா சொன்னாள்.

ஜனவரி 3, சனி

பனி. எதிர் மரம் தெரியவில்லை. பல நாளாக எழுதவில்லை. மிளகு பழுக்கத் தொடங்கிவிட்டது.

உத்தரவு வந்தது. நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து.

என் ஆபரேஷன், என் மருந்து, என் படுக்கை எல்லாவற்றுக்கும் கம்பெனி பணம் தர வேண்டும். பாப்பாவின் கண்ணாடிப் பெட்டிக்கு இல்லை. காரணம்: குழந்தை பாலிசியில் பெயர் உள்ள பயணி அல்ல. டிக்கெட் இல்லாமல் என் வயிற்றில் நாடு கடந்தவள். பெட்டிதான் பில்லில் பெரிய பங்கு. அதனால் பாதியைக் கொஞ்சம் தாண்டி வருகிறது, முழுசாக இல்லை.

அப்பா கணக்குப் போட்டார். கொடிகளை ஒரு வருடம் குத்தகைக்கு விட்டால் போதும், மூன்று வேண்டாம். பி.க்குச் சித்திரையில் லீவு கிடைக்கும். போனில் அவனிடம் சொன்னேன். நான் பாப்பாவைப் போன் பக்கத்தில் பிடித்தேன். அவள் போனைக் கடித்தாள்.

மாமா சொன்ன பாதிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று அம்மா கேட்டாள். இருக்கிறது. உத்தரவின் ஆறாவது பக்கத்தில் ஒரு வரி: மனுதாரர் தவறான தகவல் எதையும் அளிக்கவில்லை. அதை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். "அதான் எனக்குத் தெரியுமே" என்றாள்.

பெட்டிப் பணத்தையும் விட மாட்டேன். நுகர்வோர் நீதிமன்றம் நாமக்கல்லில் இருக்கிறது. மிளகு பறித்து முடியட்டும்.

ஜனவரி 5, திங்கள்

மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஆப்பிள். கூடவே பெரிய அட்டையில் அச்சடித்த செக், வெறும் காட்சிக்கு. போட்டோ எடுக்க வேண்டுமாம். நானும் பாப்பாவும் அதைப் பிடித்துக்கொண்டு. அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதற்கு. வெளிநாடு போகிறவர்கள் பார்த்துப் பாலிசி எடுப்பார்கள் கண்ணு, உனக்கும் புண்ணியம் என்றார். கீழே எழுத வேண்டியதையும் யோசித்து வைத்திருந்தார்: ஆபத்தில் கைகொடுத்தது எங்கள் கம்பெனி.

அம்மா என்னைப் பார்த்தாள். கோபித்துக்கொள்ளாதே என்ற பார்வை. கோபமே வரவில்லை. பாப்பாவுக்குத் தலை சீவி, பொட்டு வைத்து, தூக்கிக்கொண்டு வந்து அட்டைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"எடுங்க மாமா. கீழ நான் சொல்றத எழுதிப்போடுங்க."

"சொல்லு சாமி, சொல்லு." போனைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"முதல்ல தரமாட்டேன்னாங்க. பொய் சொன்னேன்னு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. குடுக்கல."

விரல் முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டது. பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அட்டையை மடக்கப் பார்த்தார். அது மடங்கவில்லை. பனி இறங்குவதற்குள் வாரேன் என்றார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.